பதினேழாம் அறைக்கு ஒரு கைதி

யோகலிங்கம் சிறைக்குப் போவதற்காக ஒரு வருடமும் எட்டு மாதமும் காத்திருந்தார். ஒஸ்லோவில் அது பெரிய விஷயமில்லை. அவருக்கு முன்னாலேயே இரண்டாயிரம் பேர் காத்திருந்தார்கள்.

நம் ஆட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். சிறை என்றால் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற இடம் என்றுதான் நமக்குத் தெரியும். நோர்வே அப்படி அநாகரிகமான நாடு அல்ல. நீதிமன்றம் தண்டனை தரும். குற்றவாளி நீதிபதிக்கு நன்றி சொல்லிவிட்டு ட்ராம் பிடித்து வீட்டுக்குப் போவான். சிறையில் இடம் வந்ததும் கடிதம் வரும். அதுவரை அவன் வேலைக்குப் போகலாம், கலியாணவீட்டுக்குப் போகலாம், பனியில் சறுக்கலாம். பல் வைத்தியரிடம் நாள் எடுப்பதும் இப்படித்தான், ஆனால் பல் வைத்தியர் கொஞ்சம் சீக்கிரம் கூப்பிடுவார்.

யோகலிங்கம் செய்த குற்றம் நேரத்துக்குப் போக நினைத்தது. 2005 ஐப்பசியில் ஒரு நாள், திராமன் நகரில் ஓர் அலுவலகத்தின் தரையைக் கழுவி முடித்துவிட்டுக் காரில் ஒஸ்லோவுக்கு வந்துகொண்டிருந்தார். மனைவியையும் மகளையும் நோர்வேக்கு எடுப்பதற்கான விண்ணப்பம் பக்கத்து இருக்கையில் இருந்தது. விண்ணப்பம் வாங்கும் யன்னல் ஒரு மணிக்கு மூடும். எண்பதில் ஓடவேண்டிய வீதியில் அவர் நூற்றிருபத்தொன்பதில் ஓடினார். பொலிஸ்காரர் மரியாதையாக நிறுத்தி, ஆறுதலாக எழுதினார். அவர் எழுதி முடித்தபோது ஒன்று பத்து. தண்டனை இருபத்தொரு நாள் சிறை.

விண்ணப்பத்தை மறுநாள் கொடுத்தார். ஏழு மாதம் கழித்து வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. விண்ணப்பதாரர் தன் தண்டனையை அனுபவித்து முடித்த பிறகு விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் என்றிருந்தது. கீழே, இனிய கோடைகாலம் அமைய வாழ்த்துகள் என்றும் இருந்தது.

மனைவி சிவநாயகியும் பத்து வயது மகள் கஜேந்தினியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். யோகலிங்கம் இரண்டு கிழமையில் சிறைக்குப் போய்விடுவார், விசா வந்துவிடும் என்று நம்பி, சண்டையில் யாழ்ப்பாணத்துப் பாதை மூடுவதற்கு முதல் ஒரு சூட்கேசோடு கொழும்புக்கு வந்தவர்கள். இப்போது பதினோராவது மாதம். லொட்ஜுக்கு ஆமி, பொலிஸ் சோதனைக்கு வரும். கொழும்பில் என்ன அலுவல் என்று கேட்பார்கள். விசாவுக்கு நிற்கிறோம் என்று சிவநாயகி சொல்வாள். விசா எப்போது என்பதுதான் அடுத்த கேள்வி. அது தன் கணவன் எப்போது சிறைக்குப் போகிறார் என்பதைப் பொறுத்தது என்று எந்த மொழியில், எந்தச் சிப்பாய்க்கு விளங்கப்படுத்துவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் யோகலிங்கம் தொலைபேசி எடுப்பார்.

“இன்னும் உங்களை உள்ளை எடுக்கேல்லையோ?”

“இல்லையப்பா. வரிசையிலை நிக்கிறன்.”

“ஒருக்காப் போய்க் கதைச்சுப் பாருங்கோவன். தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?”

“மறியலுக்குப் போறதுக்கு ஆரைப் பிடிக்கிறது?”

“இஞ்சை முந்தநாளும் வந்து பாத்தவங்கள். பிள்ளை பயந்து காய்ச்சலாக் கிடக்கிறாள். எனக்கு ஏலாமக் கிடக்கு, இஞ்சாருங்கோ. எப்பிடியாவது கெதியா உள்ளை போங்கோ.”

அவர் போய்க் கதைக்காமலில்லை. சிறைத் திணைக்களத்தில் இலக்கத் துண்டு எடுத்து, தன் முறை வந்ததும், என்னைக் கொஞ்சம் முன்னதாகப் பிடிக்க முடியுமா என்று கேட்டார். யன்னலுக்குள் இருந்த செந்தாடி இளைஞன் அலுமாரி முழுக்கத் தேடிப் பார்த்தான். சிறைக்குப் போவதைப் பிற்போடக் கேட்கும் படிவம் மூன்று விதமாக இருந்தது. முற்போடக் கேட்கப் படிவம் இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை என்று அவன் வருத்தப்பட்டான்.

இதையெல்லாம் யோகலிங்கம் தனியாகவே சுமந்தார். நம் ஆட்கள் இருக்கிற ஒவ்வொரு மாடிக் கட்டடத்திலும் கடிதம் வாசிக்க ஒருவர் இருப்பார். யோகலிங்கத்தின் கட்டடத்தில் அது யேசுரட்ணம். நல்ல மனிதர். நோர்வேஜிய மொழியில் வரும் வரிக் கடிதம், பாடசாலைக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பைத் தேநீருக்கு வாசித்துச் சொல்வார். அதனால் யாருக்கு எந்த இடத்தில் மூலம், யாருடைய மகன் கணக்கில் சைபர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சிறை என்ற சொல் யேசுரட்ணத்தின் காதில் விழுந்தால் அன்று பின்னேரமே நாட்டின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டுகிற கடைசித் தமிழன்வரை போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே சிறை சம்பந்தமான கடிதங்களை மட்டும் யோகலிங்கம் கதவைப் பூட்டிவிட்டு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, தானே வாசித்தார்.

2007 ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை அந்தக் கடிதம் வந்தது. தடித்த மண்ணிற உறை. மேலே சிங்கமும் பூட்டுத் திறப்பும் போட்ட முத்திரை. தலைப்பு: தண்டனை அனுபவிக்க அழைப்பாணை. இடம்: ஸ்வார்த்பொர்க் கோட்டைச் சிறை. நேரம்: புதன்கிழமை மாலை ஆறு மணி. அறை: பதினேழு. குற்றம் என்ற இடத்தில், ‘பத்து வருடமாக ஒரு நாள்கூடப் பிந்தாமல் நேரத்துக்கு வந்தது’ என்றிருந்தது. யோகலிங்கம் இதை இரண்டு தரம் வாசித்தார். அரசாங்கம் கடைசியில் தன்னைச் சரியாகப் புரிந்துகொண்டதே என்று நினைத்தார். நேரத்துக்குப் போகத்தானே அவ்வளவு வேகமாக ஓடினார். தண்டனை ஓர் இரவு என்றிருந்தது. வரிசையைக் குறைப்பதற்காகத் தண்டனைகளை வெட்டப்போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்த சேதியை யேசுரட்ணமே ஒரு நாள் வாசித்துச் சொல்லியிருந்தார்.

கடைசியில் ஐந்து வரி மிகச் சிறிய சுருட்டை எழுத்தில் இருந்தது. அகராதி பிடித்த கை களைத்துப்போனதால் அதை அவர் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால், அவர் தரை கழுவும் கம்பனி பத்து வருடம் வேலை செய்த தொழிலாளர்களுக்கு அனுப்பிய அன்பளிப்பு அது என்று தெரிந்திருக்கும். கோட்டைச் சிறையை மூடி ஆறு வருடம். இப்போது அது சாப்பாட்டுச்சாலையும் தங்கும் விடுதியும்.

“வந்திட்டுது,” என்றார் தொலைபேசியில்.

சிவநாயகி அழுகிற சத்தம் கேட்டது. பிறகு மகளைக் கூப்பிட்டாள். “கஜேந்தினி, இஞ்சை வாடி. அப்பாவைப் பிடிக்கப் போகினமாம்.” அங்கே குழந்தை கைதட்டியது.

யேசுரட்ணத்திடம் பாட்ஸ்பியோர்ட்டுக்கு ஒரு பழைய சிநேகிதனைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

“பாட்ஸ்பியோர்ட்டுக்கோ? ஒரு நாளைக்கோ?” என்றார் யேசுரட்ணம். “யோகன், போய்ச்சேரவே ஒரு நாள் வேணுமே.”

“அவசரம், அண்ணை.”

புதன்கிழமை வேலைக்கே பையைக் கொண்டுபோய், வேலை முடிய நேரே கோட்டைக்குப் போனார். பையில் இரண்டு பெனியன், ஒரு சாரம், பற்தூரிகை, பிள்ளையார் படம், ஒரு சிறு போத்தல் மிளகாய்த்தூள் இருந்தன. நோர்வேச் சிறைச் சாப்பாடு எப்படியிருக்கும் என்பதை, நோர்வேயில் வெளியே கிடைக்கும் சாப்பாட்டை வைத்து அவர் ஊகித்திருந்தார்.

கோட்டை கடலைப் பார்த்த ஒரு பாறையின் மேல் நின்றது. வாசலில் நீலச் சீருடை போட்ட ஓர் இளம்பெண், முழங்கை நீளத் திறப்போடு நின்றாள். சில்யே என்று நெஞ்சில் எழுதியிருந்தது. யோகலிங்கம் தொப்பியைக் கழற்றினார்.

“தண்டனை அனுபவிக்க வந்திருக்கிறேன்.”

“அருமை,” என்றாள் சில்யே. “எத்தனை பேர்?”

“நான் மட்டும்தான்.”

“துணிச்சல்காரன் நீ. மற்றவர்கள் சோடியாகத்தான் வருவார்கள்.” நோர்வேயில் அரசரைத் தவிர எல்லோருக்கும் நீதான். அதில் யோகலிங்கத்துக்கு மனத்தாங்கல் இல்லை. “ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? கடலை, பால், இறால்?”

“செவ்வாய், வெள்ளி மட்டும் மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை. இன்றைக்குப் புதன்.”

அவள் அதை எழுதிக்கொண்டாள். “படுக்கை இறகு மெத்தைதான் தரலாம். கல்லுப் படுக்கை அறை எல்லாம் போய்விட்டது. அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.”

அவருடைய உடுப்பையும் பையையும் வீட்டுத் திறப்பையும் தொலைபேசியையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினாள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை கொடுத்தாள். நெஞ்சில் 17 என்ற பலகையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். சிரி என்றாள். படம் எடுக்கிறவன் சீருடையில் நின்றால் சிரிக்கக்கூடாது என்பதை யோகலிங்கம் இருபது வயதிலேயே பழகியிருந்தார். சிரிக்கவில்லை.

“தொலைபேசிக்கு ரசீது தருவீர்களா?”

சில்யே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நாளை காலையில் எல்லாம் கிடைக்கும். இன்று நீ உலகத்திடமிருந்து விடுதலை.”

முற்றத்தில் இன்னும் நாற்பது பேர் அதே கோடு போட்ட சட்டையோடு, கையில் கிளாசோடு நின்றார்கள். ஏதோ ஓர் அலுவலகம் கோடை விடுமுறைக்கு முந்திய கூட்டத்துக்கு வந்திருக்கிறது என்றாள் சில்யே. கைதிகள் இவ்வளவு சந்தோஷமாக நிற்பதைப் பார்த்து யோகலிங்கம் ஆச்சரியப்படவில்லை. அவர்களும் நெடுநாள் வரிசையில் நின்றவர்களாக இருக்கும்.

கோட்டையின் அனுபவப் பொறுப்பாளர் ரூனே ஒரு மேடையில் ஏறினார். அது உண்மையில் தலை வெட்டும் கட்டை.

“அன்பான கைதிகளே,” என்றார். “நீங்கள் நிற்கிற இந்த இடத்தில் அறுபத்திரண்டு பேருடைய தலை வெட்டப்பட்டது. அந்த உணர்வை அப்படியே பாதுகாத்திருக்கிறோம். வடிகாலை மட்டும் புதுப்பித்தோம். ஏன் இந்தச் சிறையை மூடினார்கள் என்று பலர் கேட்கிறார்கள். இந்த அறைகள் மிகச் சிறியவை, மனிதனை அடைத்துவைக்கத் தகுதியற்றவை என்று நிபுணர் குழு கண்டுபிடித்தது. நாங்கள் அதே அறையில் இரண்டு பேரையும் ஒரு ஷாம்பெய்ன் வாளியையும் வைத்தோம். இப்போது எல்லோரும் இதமாக இருக்கிறது என்கிறார்கள். சித்திரவதை அறையில் சூடான கல் வைத்து உடம்பு பிடித்துவிடுகிறோம். இரண்டு மாதத்துக்கு இடமில்லை. வரலாறு வேதனையானது, நண்பர்களே. ஆனால் வேதனைக்கு நல்ல வெளிச்சம் கொடுத்தால் குடும்பத்தோடு வந்து பார்க்கலாம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். யோகலிங்கமும் தட்டினார். சிறையில் தட்டாமல் இருப்பது புத்தியில்லை.

சாப்பாடு பழைய கைதிகள் கூடத்தில். முதலில் பாணும் தண்ணீரும் வந்தன. பாண் ஏழு நாள் புளிக்கவைத்த மாவாம், தண்ணீர் நாலு மலை ஊற்றாம். அடுத்து இறால் மிதக்கும் கஞ்சி வந்தது. யோகலிங்கம் சில்யே பக்கத்தில் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார். தலையைக் குனிந்து சாப்பிட்டார். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டார். சட்டைப்பையில் ஒளித்துவைத்திருந்த மிளகாய்த்தூளைக் கஞ்சியில் போடும்போது பிடிபட்டார். சமையல்காரர் வந்து விரலில் தொட்டு நக்கினார், கண்ணீர் விட்டார், பிறகு எல்லா மேசைக்கும் ஒரு சிட்டிகை ‘கைதியின் கள்ளச்சரக்கு’ என்று பரிமாறினார். ஆட்கள் வரிசையாக வந்து யோகலிங்கத்தோடு படம் எடுத்தார்கள். எவ்வளவு இயல்பாகப் பயப்படுகிறான் என்று ஒரு பெண் வியந்தாள்.

இவரை அந்த அலுவலகக்காரர்கள் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று ரூனே நினைத்தார். இவர் ரூனே வாடகைக்கு எடுத்த நடிகர் என்று அலுவலகக்காரர்கள் நினைத்தார்கள். யார் நீ என்று ஒருவரும் கேட்கவில்லை. மற்றவர் விஷயத்தில் தலையிடுவது இந்த நாட்டில் பழக்கமில்லை.

சாப்பாடு பாதியில் நரைத்த குட்டை முடியுள்ள ஒரு பெண்மணி கரண்டியால் கிளாசைத் தட்டி எழுந்தார். அன்று சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு ‘சிறை அதிபர்’ பதவி விழுந்திருந்தது. தலையில் காகிதத் தொப்பி. அவர் பெயர் அன்னே பெரித். சிறைத் திணைக்களத்தில் வரிசைப் பிரிவின் தலைவி.

யோகலிங்கத்தின் கையில் இருந்த கரண்டி நின்றது.

“அன்பான சகபாடிகளே,” என்றார் அன்னே பெரித். “வரிசை நீளம் என்று பத்திரிகைகள் எங்களைத் திட்டுகின்றன. நான் ஒரு கணக்குச் சொல்கிறேன். போன வருடம் எங்கள் சிறைகளிலிருந்து நாலு பேர் தப்பி ஓடினார்கள். வரிசையிலிருந்து ஒருவர்கூடத் தப்பி ஓடவில்லை. அப்படியானால் எது பாதுகாப்பானது? வரிசையில் நிற்கிறவர்கள் சண்டை பிடிப்பதில்லை, போதைப்பொருள் கடத்துவதில்லை, சாப்பாடு சரியில்லை என்று எழுதுவதில்லை. வரிசையை நாம் இன்னும் நன்றாகப் பராமரிக்க வேண்டும். எங்களுக்குச் சிறை அறைகள் போதாது என்பது உண்மை. கூட்டம் நடத்த அறைகளும் போதாது. இன்று தன் நாற்பத்திரண்டு சிறை அறைகளில் நாற்பத்தொன்றை எங்களுக்குத் தந்த கோட்டைக்கு நன்றி. கடைசியாக, எல்லோருக்கும் பச்சைக் குறிப்புப் புத்தகம் தந்திருக்கிறோம். வரிசையே இல்லாமல் சமாளிக்கிற வெளிநாடு ஏதும் இருப்பதாகக் கேள்விப்பட்டால் எழுதிவையுங்கள். போய்ப் பார்த்துப் படிக்க நாங்கள் தயார். எந்த யோசனையும் சிறியதல்ல.”

யோகலிங்கம் எழுந்து அவருடைய மேசைக்குப் போனார். தன் பெயர், இருபத்தொரு நாள், நூற்றிருபத்தொன்பது, ஒரு மணிக்கு மூடும் யன்னல், கொழும்பில் லொட்ஜில் கிடக்கிற மனைவி, காய்ச்சலோடு கிடக்கிற பிள்ளை, எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னார். மேசை முழுக்க எழுந்து கைதட்டியது.

“அபாரம்,” என்றார் அன்னே பெரித், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உன் வசனத்தை யார் எழுதியது?”

யோகலிங்கம் கோடு போட்ட சட்டைக்குள்ளிருந்து, மடித்து மடித்துக் கிழியப் பார்க்கிற தீர்ப்பின் பிரதியை எடுத்து நீட்டினார். அன்னே பெரித் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். தலையிலிருந்த காகிதத் தொப்பியைக் கழற்றினார்.

“இது உண்மையான தாள்,” என்றார்.

“ஓம்.”

“இது சிறை இல்லை என்று உனக்குத் தெரியுமா? இது சாப்பாட்டுச்சாலை.”

யோகலிங்கம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். இரும்புக் கம்பி, கல்லுச் சுவர், சங்கிலி, அதன் நடுவில் பழக்கேக் வைத்த தள்ளுவண்டி. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, சிவநாயகி அழுத சத்தம்தான் காதில் நின்றது.

“அப்படியென்றால் இந்த இரவு என் தண்டனையில் சேராதா?”

“சேராது. மனிதனை அடைக்கத் தகுதியற்ற அறையில் தண்டனை அனுபவிக்க நாங்கள் உன்னை விடமாட்டோம். அது உன் உரிமை.”

“எனக்கு அந்த உரிமை வேண்டாம்.”

“வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமையில்லை.”

“என்னை இங்கேயே இருபத்தொரு நாள் பூட்டிவையுங்கள். தரையும் கழுவித் தருகிறேன். என் முறை எப்போது வரும் என்றாவது சொல்லுங்கள்.”

“அதைச் சொல்ல முடியாது. இரகசியம் காப்பது என் கடமை.”

“அது என்னுடைய விஷயம்தானே?”

“அதனால்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதோடு என் வேலை நேரம் நாலு மணிக்கு முடிந்துவிட்டது.”

அன்னே பெரித்துக்குத் தெரியும். திங்கட்கிழமை எதிர்பாராமல் ஒரு சிறையில் சில இடங்கள் காலியாக, அவர் பதினொரு அழைப்புக் கடிதங்களில் கையெழுத்து வைத்திருந்தார். ஆறாவது கடிதத்தில் இருந்த பெயர் நீளமாக இருந்ததால் நினைவில் நின்றது. ஆனால் முப்பது வருடச் சேவையில் ஒரு தரம்கூட அவர் இரகசியத்தை வெளியே விட்டதில்லை. இன்றும் விடவில்லை. அதற்குப் பதிலாக, விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஒன்றை எடுத்து, பொன்னெழுத்தில் 17 என்றிருந்த இடத்துக்குக் கீழே, சிறை அதிபர் என்ற முறையில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதில் இரகசியம் எதுவும் இருக்கவில்லை.

யோகலிங்கம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சில்யேயிடம் கேட்டார். எப்போது வேண்டுமானாலும் போகலாம், கதவைப் பூட்டுவது தீயணைப்புச் சட்டப்படி குற்றம் என்றாள். ஆனால் உடுப்பும் வீட்டுத் திறப்பும் தொலைபேசியும் இருந்த பெட்டியின் திறப்பை ரூனே கொண்டுபோய்விட்டார். காலையில்தான் வருவார். கோடு போட்ட சட்டையோடு சுரங்க ரயிலில் ஏறி, தற்செயலாக யேசுரட்ணத்தின் எதிரே உட்காருவதை யோகலிங்கம் நினைத்துப் பார்த்தார். பதினேழாம் அறைக்குத் திரும்பிப் போய், இறகு மெத்தையை ஒதுக்கிவிட்டுத் தரையில் படுத்தார்.

காலையில் விடுதலை சுலபமாகக் கிடைக்கவில்லை. முதலில் காலைச் சாப்பாடு, பிறகு கருத்துப் படிவம். ‘எங்கள் சிறையை நண்பருக்கோ குடும்பத்தினருக்கோ பரிந்துரைப்பாயா?’ என்ற கேள்விக்கு முன்னால் அவர் வெகுநேரம் இருந்தார். ரூனே பத்து மணிக்குத்தான் வந்தார். தொலைபேசியைத் திறந்தபோது கொழும்பிலிருந்து பதினான்கு தவறிய அழைப்புகள் இருந்தன. எப்படி உள்ளே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கத்தான் சிவநாயகி எடுத்திருக்கிறாள் என்று நினைத்தார். இறால் கஞ்சி என்று எப்படிச் சொல்வது? ஒரு நல்ல சேதியோடு எடுக்கலாம் என்று நேரே சிறைத் திணைக்களத்துக்குப் போனார். ஆறாவது கடிதத்தில் இருந்த கையெழுத்தைப் போட்ட அதே கை போட்ட கையெழுத்து அவரிடம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. ஒரு பெரிய அதிகாரியின் கையெழுத்து என்று மட்டும் தெரியும்.

இலக்கத் துண்டு எடுத்துக் காத்திருந்து யன்னலுக்குப் போனார். அதே செந்தாடி இளைஞன். பொன்னெழுத்துப் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“கையெழுத்து உண்மை,” என்றான். “பத்திரம் உண்மையில்லை.” பிறகு கணினியில் தட்டினான். முகம் மலர்ந்தது. “உனக்கு இடம் வந்திருக்கிறதே.”

யோகலிங்கம் யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இன்று காலை ஒன்பது மணிக்கு நீ போயிருக்க வேண்டும். நேற்றே கடிதம் உன் தபால்பெட்டிக்கு வந்துவிட்டது. திடீரென்று காலியான இடம், அதனால் ஒரு நாள் அவகாசம்தான். நேற்று எங்கே இருந்தாய்?”

“சிறையில்.”

இளைஞன் யோசித்துவிட்டு ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று தட்டினான். “ஒன்பதரை மணிக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டோம். உடனே வந்துவிட்டார். வரத் தவறியவர்கள் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். கவலைப்படாதே, இப்போது இரண்டு வருடத்துக்குமேல் ஆவதில்லை.”

யோகலிங்கம் பொன்னெழுத்துப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. சிவநாயகியின் இலக்கம்.

“சிவா, நான் சொல்லுறன் கேள்...”

“அண்ணை, நான் யோசெப்பின். பக்கத்து அறை.” மூச்சு வாங்கும் குரல். “விடிய விடிய எடுக்கிறன், நீங்கள் எடுக்கேல்லை. நேற்றுச் சாமத்திலை அவங்கள் பஸ் கொண்டு வந்தவங்கள். சிவநாயகியையும் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போட்டாங்கள். போனை என்ரை கையிலை தந்திட்டுத்தான் ஏறினவள். எங்கை கொண்டு போனவங்கள் எண்டு ஒருத்தரும் சொல்லுறாங்கள் இல்லை, அண்ணை.”

“பிள்ளையையுமோ?”

“பிள்ளையையும்தான். காய்ச்சலோடை.”

யோகலிங்கம் அடுத்துக் கேட்டது அவருக்கே பிறகு விளங்கவில்லை. ஒரு வருடமும் எட்டு மாதமும் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்த வாய் தானாகக் கேட்டது.

“அதுக்கு முதல் கடிதம் ஏதும் வந்ததோ?”

“என்ன கடிதம், அண்ணை? உடுப்பு மாத்தக்கூட விடேல்லை. பத்து நிமிஷத்திலை எல்லாம் முடிஞ்சுது.”

அவர் யன்னலுக்கு முன்னாலேயே நின்றார். கண்ணீர் பொன்னெழுத்துப் பத்திரத்தில் விழுந்தது. அவருக்குப் பின்னால் இலக்கத் துண்டோடு இருந்தவர்கள் மரியாதையாக வேறுபக்கம் பார்த்தார்கள். செந்தாடி இளைஞன் நல்லவன். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, என்ன நடந்தது என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

“என் மனைவியையும் மகளையும் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்,” என்றார் யோகலிங்கம். “அங்கே வரிசை இல்லை.”

“வரிசையே இல்லையா?” இளைஞன் மேசை இழுப்பறையைத் திறந்து பச்சைக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தான். பேனாவின் மூடியைக் கழற்றி, உண்மையான அக்கறையோடு முன்னால் சாய்ந்தான். “எப்படிச் சமாளிக்கிறார்கள்?”